ஜெர்மனியில் குடியேறப் போகிறீர்களா? உங்களுக்குத் தெரியுமா?

பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் ஒரு கெடு ஓட ஆரம்பித்துவிடும்! புது வீட்டுக்குள் நுழைந்த இரண்டே வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே இருக்கிற நம்மவர்கள் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் 'அன்மெல்டுங்'. பதியாமல் விட்டால் அபராதம் 1,000 யூரோ வரை போகலாம்!

உள்ளூர்க்காரர்களுக்கும் இதே சட்டம்தான். பக்கத்துத் தெருவுக்கு வீடு மாறினாலும் மறுபடி பதிவு!

அந்தப் படிவத்தில் உங்கள் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று எழுதினீர்களா? மாதாமாதம் சம்பளத்திலேயே சர்ச் வரி பிடிக்கப்படும்! பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கிலும் வருமான வரித் தொகையில் 8 சதவீதம். மற்ற மாநிலங்களில் 9 சதவீதம்!

சில வாரத்தில் தபாலில் ஒரு வரி எண் வரும். 11 இலக்கம். நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் இந்த எண் உண்டு! வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் கல்யாணம் ஆனாலும் இந்த எண் மாறாது. ஆள் இறந்த பிறகும் 20 ஆண்டு வரை பதிவேட்டில் இருக்கலாம்!

அடுத்த கடிதம் ரேடியோ, டிவி கட்டணத்துக்கு. "என் வீட்டில் டிவியே இல்லையே" என்கிறீர்களா? 2013 முதல் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வீடு இருந்தால் கட்டணம் உண்டு. மாதம் 18.36 யூரோ! ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான். நான்கு நண்பர்கள் சேர்ந்து தங்கினால் நாலாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம்!

கதவைத் திறந்தால் சமையலறையைக் காணோம்!

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறீர்கள். சமையலறை என்று காட்டிய இடத்தில் நாலு சுவரும் தண்ணீர்க் குழாய் முனையும் மட்டும்! அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எல்லாமே நீங்கள்தான் வாங்கி மாட்ட வேண்டும். அங்கே பல வீடுகளில் இது வெகு சாதாரணம். காலி செய்து போகிறவர் தன் சமையலறையை அடுத்து வருபவருக்கு விலை பேசி விற்றுவிட்டுப் போவதும் உண்டு!

விளக்கும் அப்படியே. கூரையிலிருந்து இரண்டு வயர் மட்டும் தொங்கும். முதல் ராத்திரிக்கு ஒரு டார்ச் லைட் கையில் இருக்கட்டும்!

வாடகையில் 'குளிர் வாடகை', 'சூடான வாடகை' என்று இரண்டு உண்டு! வெறும் வீட்டுக்கு முதலாவது. ஹீட்டர், தண்ணீர், குப்பை, படிக்கட்டு சுத்தம் என்று சகலமும் சேர்ந்தால் இரண்டாவது. விளம்பரத்தில் கண்ணைப் பறிக்கிற அந்தக் குறைந்த தொகை பெரும்பாலும் குளிர் வாடகைதான்!

பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் கவனிக்கவும். ஜெர்மனியில் குடியிருக்கிற வீட்டுக்கு மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டத்திலேயே இடமில்லை! அதையும் மூன்று தவணையில் கட்டலாம். உரிமையாளர் அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். வட்டியும் உங்களுக்கே!

அடுக்குமாடியில் உங்கள் வீட்டு எண் என்ன? பெரும்பாலான கட்டடங்களில் எண்ணே கிடையாது! தபால்காரர் பெயரை மட்டும் பார்த்துத்தான் கடிதம் போடுவார். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டாவிட்டால் வங்கி அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும். வெங்கடசுப்பிரமணியன்களே, அந்தத் துக்குனூண்டு பெயர்ப் பலகைக்குள் எப்படி அடங்குவது என்று இப்போதே திட்டமிடுங்கள்!

கட்டடச் சாவி தொலைந்தால் ஒரு சாவியோடு போகாது. ஒரே பூட்டு அமைப்பில் உள்ள அத்தனை பூட்டையும் மாற்ற வேண்டி வரலாம். செலவு ஆயிரக்கணக்கான யூரோ! சாவி தொலைவதற்கும் சேர்த்து அங்கே இன்சூரன்ஸ் எடுக்கலாம்!

16 மாநிலங்களிலும் வீட்டுக்குள் புகை அலாரம் கட்டாயம். படுக்கையறையிலும் நடைவழியிலும் கூரையில் வட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுகிறவர்கள் ஜாக்கிரதை! நம் தாளிப்புக்கு ஒரு நல்ல செய்தி: சமையலறையில் அது கட்டாயமில்லை!

புகைபோக்கி சுத்தம் செய்கிறவர் கறுப்பு உடையில் வந்து நிற்பார். உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவே முடியாது. ஹீட்டரைச் சோதிக்கச் சட்டமே அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது! தெருவில் அவர் எதிரே வந்தால் அதிர்ஷ்டம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில்கூட அவர் படம்தான்!

குப்பையில் காசு!

காலி பாட்டில் ஒன்று 25 சென்ட்! டின், பிளாஸ்டிக் பாட்டில் வாங்கும்போதே அந்தத் தொகையைச் சேர்த்து வாங்கிவிடுவார்கள். காலி பாட்டிலைக் கடையில் உள்ள மெஷினுக்குள் விட்டால் ரசீது வரும். அதைக் காட்டிப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். 'ஃபாண்ட்' என்று சொன்னால் அங்கே சின்னக் குழந்தைக்கும் புரியும். 2003-ல் தொடங்கிய ஏற்பாடு இது!

வாங்கிய கடையிலேயேதான் திருப்ப வேண்டுமா? வேண்டாம்! ஹாம்பர்கில் வாங்கிய பாட்டிலை மியூனிக்கில் கொடுக்கலாம். 200 சதுர மீட்டருக்கு மேல் பெரிய கடை, அதே வகைப் பாட்டிலை விற்றால் எந்த பிராண்டாக இருந்தாலும் திரும்ப வாங்கியே ஆக வேண்டும்!

பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்தான். ஏன் குறைவு என்று கேட்காதீர்கள், அது கழுவி மறுபடி நிரப்பப்படும் பாட்டில். ஒரே கண்ணாடி பாட்டில் 50 முறை வரை நிரப்பப்படுகிறது! இன்று உங்கள் மேசைக்கு வந்த பாட்டில் ஏற்கெனவே எத்தனை வீடு சுற்றியதோ!

2024 ஜனவரி முதல் பிளாஸ்டிக் பாட்டில் பால் பானங்களுக்கும் 25 சென்ட் உண்டு. காலி பாட்டிலை நசுக்கிவிடாதீர்கள், மெஷின் பார்கோடைப் படிக்க முடியாமல் துப்பிவிடும்!

எனக்கு இதில் மிகப் பிடித்தது வேறு. தெருவில் குடித்து முடித்தவர்கள் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்தி வைப்பார்கள். பாட்டில் பொறுக்கிப் பிழைப்பவர் தொட்டிக்குள் கை விட வேண்டாமே என்றுதான்! சில நகரங்களில் இதற்காகவே தொட்டியைச் சுற்றி வளையம் மாட்டியிருக்கிறார்கள்!

லிடில் கடை மெஷின்களில் கூடுதலாக ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் உங்கள் பாட்டில் காசு ஏழைகளுக்கு உணவு தரும் அமைப்புக்குப் போகும். 2008 முதல்!

கண்ணாடிக் குப்பைக்கு மூன்று தொட்டி: வெள்ளை, பழுப்பு, பச்சை. நீலப் பாட்டில் எதில் போகும்? பச்சையில்! இதைத் தெரிந்து வைத்திருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி உங்களை மரியாதையாகப் பார்ப்பார்!

ஞாயிறு வந்துவிட்டதா? ஷ்ஷ்!

ஞாயிற்றுக்கிழமை பால் தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான்! சூப்பர் மார்க்கெட், துணிக்கடை, எல்லாவற்றுக்கும் பூட்டு. ரயில் நிலையக் கடை, பெட்ரோல் பங்க், சில மணி நேரம் திறக்கும் பேக்கரி மட்டும் துணை. சனிக்கிழமை மாலை கடைகளில் கூட்டம் ஏன் அலைமோதுகிறது என்று இப்போது தெரிகிறதா!

இது கடைக்காரர்களின் விருப்பம் என்று நினைத்தீர்களா? அரசியல் சட்டம்! ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919-ல் எழுதிய வைமர் குடியரசின் அரசியல் சட்டப் பிரிவு, 1949-ல் எழுதிய இன்றைய அரசியல் சட்டத்துக்குள் அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய விடுமுறை!

பெர்லினில் பொதுவாக வருஷத்துக்கு அதிகபட்சம் 8 ஞாயிறு மட்டும் கடை திறக்கலாம். அவ்வளவே!

குடியிருப்புப் பகுதியில் ஞாயிறன்று மெஷினால் புல் வெட்டக்கூடாது. வார நாளிலும் இரவு 8 முதல் காலை 7 வரை தடை. இலை ஊதும் மெஷினுக்கு இன்னும் கெடுபிடி. காலை 9 முதல் 1, மாலை 3 முதல் 5, அத்தோடு சரி!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தப் பக்கத்தின் மகுடம். புல் வெட்டும் சத்தத்துக்கு இவ்வளவு கட்டுப்பாடு வைத்த நாடு, குழந்தைகள் விளையாடும் சத்தத்தை என்ன செய்தது தெரியுமா? 2011-ல் சட்டத்தைத் திருத்தியது! மழலையர் பள்ளியிலிருந்தும் விளையாட்டு மைதானத்திலிருந்தும் வரும் குழந்தைகளின் கூச்சல் பொதுவாகத் தீங்கு தரும் சத்தமாகாது என்று எழுதியே வைத்துவிட்டது! மோட்டார் வாயை மூட வேண்டும், பிள்ளைகள் கத்தலாம்! இப்படி ஒரு சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு கும்பிடு!

காய்ச்சல் வந்தால் லீவு திரும்பக் கிடைக்கும்!

விடுமுறை எடுத்துக்கொண்டு இத்தாலி போகிறீர்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், நாலு நாள் படுக்கை. டாக்டர் சான்று இருந்தால் அந்த நாலு நாளும் விடுமுறைக் கணக்கிலிருந்து கழியாது! உடம்பு சரியானதும் இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். சட்டம் அப்படி!

வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் விடுமுறை. பல கம்பெனிகள் தருவது 30 நாள்! பண்டிகை விடுமுறை தனி!

நோயில் விழுந்தால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம். கம்பெனிதான் தர வேண்டும். அதற்குப் பிறகும் கை விட மாட்டார்கள். மருத்துவக் காப்பீடு பணம் தரும், மொத்தம் 78 வாரம் வரை!

யோகா கற்றுக்கொள்ளச் சம்பளத்தோடு லீவு! 16 மாநிலங்களில் 14-ல் 'கல்வி விடுப்பு' இருக்கிறது. பெரும்பாலும் ஆண்டுக்கு ஐந்து நாள். யோகா வகுப்பு இதில் சேருமா என்று வழக்கே நடந்தது. 2019-ல் பெர்லின் தொழிலாளர் மேல் நீதிமன்றம் சேரும் என்று தீர்ப்பளித்துவிட்டது! நம் ஊர்ச் சரக்குக்குக் கிடைத்த மரியாதை!

ஆபீசில் உங்கள் பிறந்தநாளா? கேக் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்! யாரும் வாங்கி வைத்திருக்க மாட்டார்கள். ஒருநாள் முன்னதாக வாழ்த்துச் சொன்னால் பதறிவிடுவார்கள். முன்கூட்டி வாழ்த்தினால் துரதிர்ஷ்டமாம்!

மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்ற ஏற்பாடு அங்கே எப்போது பிறந்தது? 1883! சான்சலர் பிஸ்மார்க் காலம். இன்று பொதுக் காப்பீட்டின் அடிப்படைச் சந்தா சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் சிறு கூடுதல். பாதி உங்களுடையது, பாதி கம்பெனியுடையது. சம்பாதிக்காத மனைவிக்கும் அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா பூஜ்யம்!

தலைவலி மாத்திரை சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கவே கிடைக்காது. பாரசிட்டமால் வாங்கக்கூட மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும்! நடுராத்திரி என்றால்? ஒவ்வொரு பகுதியிலும் முறை வைத்து ஒரு மருந்துக் கடை விழித்திருக்கும். கதவு ஜன்னல் வழியே மருந்து நீட்டுவார்கள். இரவுக் கட்டணம் 2.50 யூரோ!

ஆம்புலன்சுக்கு 112. போலீசுக்கு 110. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஞாயிறு ராத்திரி டாக்டர் வேண்டும் என்றால் 116117. இந்த மூன்றையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள்!

பிள்ளை பிறந்தால்…

மருத்துவச்சி உங்கள் வீடு தேடி வருவார்! பிரசவம் முடிந்த முதல் பத்து நாள் தினமும் வரலாம். பிறகும் 12 வாரம் வரை தேவைக்கேற்ப வருவார். குழந்தையைக் குளிப்பாட்டக் காட்டித் தருவார், எடை பார்ப்பார், தாயின் புண் ஆறுகிறதா என்று கவனிப்பார். செலவு முழுவதும் காப்பீட்டுடையது! அம்மா பக்கத்தில் இல்லாத ஊரில் இதைவிடப் பெரிய ஆறுதல் உண்டா!

பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அதன்பிறகு தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு மூன்று ஆண்டு வரை விடுப்பு எடுக்கும் உரிமை. வேலை போகாது!

பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் அனுப்பும். 2025-ல் ஒரு குழந்தைக்கு 255 யூரோ! 18 வயது வரை நிச்சயம், படித்துக்கொண்டிருந்தால் 25 வரை!

அம்மாக்கள் களைத்துப்போனால்? டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையோடு மூன்று வாரம் கடற்கரையிலோ மலையிலோ உள்ள ஓய்வு விடுதிக்கு அனுப்பும் திட்டம் இருக்கிறது. காப்பீடு ஏற்கும். நீங்கள் தர வேண்டியது ஒரு நாளைக்கு 10 யூரோ!

முதல் வகுப்புக்குப் போகும் நாளில் பிள்ளையின் கையில் அதன் உயரத்துக்குப் பாதி வரும் காகிதக் கூம்பு! உள்ளே மிட்டாய், பென்சில், பொம்மை. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். நம் பிள்ளைகள் சிலேட்டில் 'அ' போட்ட கையோடு இதையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள்!

வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கிறேன் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும்!

நான்காம் வகுப்பில் சைக்கிள் தேர்வு. போலீஸ்காரரே வந்து சொல்லிக் கொடுப்பார்! எட்டு வயது வரை பிள்ளைகள் சைக்கிளில் ரோட்டில் இறங்கவே கூடாது!

சாலையில் இறங்கலாமா?

சிவப்பு விளக்கில் நடந்து சாலையைக் கடந்தால் 5 யூரோ அபராதம். சைக்கிளில் கடந்தால் 60! ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வண்டிகூட வராத சாலையில் பச்சைக்காகக் காத்து நிற்பவர்களைப் பார்க்கலாம். ஒரு குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது தாண்டினால் பெரியவர்களிடமிருந்து திட்டு நிச்சயம்!

இந்திய லைசென்ஸ் அங்கே ஆறே மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறித்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். துருக்கி மொழி உண்டு, அரபி உண்டு, குரோஷிய மொழியும் உண்டு!

லைசென்சுக்கு முன் முதலுதவி வகுப்பு. 45 நிமிடம் வீதம் ஒன்பது பாடம்! மார்பை அழுத்தி மூச்சுக் கொண்டுவரப் பழகாமல் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. காரிலும் முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம், ஒளிரும் சட்டை மூன்றும் இருக்க வேண்டும்!

'ஆட்டோபான்' என்ற விரைவு நெடுஞ்சாலையில் பொதுவான வேக வரம்பு கிடையாது. 130 கிலோமீட்டர் என்பது 1978 முதல் வெறும் பரிந்துரை! ஆனால் அதே சாலையில் போக்குவரத்து தேங்கினால் நடுவில் ஆம்புலன்சுக்கு வழி விட்டு ஒதுங்க வேண்டும். வழி விடாதவருக்கு 200 யூரோ அபராதம், 2 கறுப்புப் புள்ளி, ஒரு மாதம் ஸ்டியரிங் தொடத் தடை! 8 புள்ளி சேர்ந்தால் லைசென்சே பறிபோகும். ஜெர்மனி முழுவதுக்குமான அந்தப் புள்ளிக் கணக்கு ஃப்ளென்ஸ்பர்க் என்ற ஒரே ஊரில்!

மெட்ரோ நிலையத்தில் தடுப்புக் கதவே இல்லை! யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், ஏறலாம். திடீரென்று சாதாரண உடையில் இருப்பவர் எழுந்து டிக்கெட் கேட்பார். இல்லையென்றால் 60 யூரோ!

ஜெர்மன் ரயில் நிமிஷம் தப்பாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024-ல் நேரத்துக்கு வந்த நெடுந்தூர ரயில்கள் 62.5 சதவீதம்! ஆறு நிமிடத்துக்குள் வந்தாலே நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு! ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம் திரும்ப வரும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதம். கேட்டு வாங்குங்கள்!

நாய் வளர்த்தால் வரி! பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ. இரண்டாவது நாய்க்கு 180! பெரிய நாய் ரயிலேறினால் அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டும். பூனைக்கு எதுவும் கிடையாது!

சாப்பாடு ஆச்சா?

ரொட்டியில் 3,000 வகைக்கு மேல்! 2014-ல் ரொட்டிக் கலாசாரத்தை நாட்டின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். ராத்திரிச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டியும் சீஸும்தான். அடுப்பே பற்றாது!

வெள்ளை அஸ்பராகஸ் சீசன் ஏப்ரலில் தொடங்கும். தெருவெல்லாம் கொட்டகை, ஓட்டலெல்லாம் தனி மெனு. ஜூன் 24 வந்ததும் அறுவடை நிற்கும்! அடுத்த ஆண்டுக்குச் செடி தெம்பு சேர்க்க வேண்டும் என்பதற்காக!

ஜெர்மனியின் தெரு முனை உணவில் நம் கறித்தூள் வாசம்! ஹெர்டா ஹாய்வர் என்ற பெண்மணி 1949 செப்டம்பர் 4-ல் பெர்லினில் தன் சின்னக் கடையில் சாஸில் கறித்தூளைக் கலந்து சாசேஜ் மேல் ஊற்றினார். பிறந்தது 'கறிவுர்ஸ்ட்'. அவர் கடை இருந்த இடத்தில் இன்று நினைவுப் பலகை!

வாடகைத் தோட்டம் எடுக்க ஆசையா? நகரத்துக்குள்ளேயே வேலி போட்ட குட்டிக் குட்டித் தோட்டங்கள் லட்சக்கணக்கில் உண்டு. உள்ளே கட்டும் குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கில் காயோ கனியோ விளைந்தே ஆக வேண்டும். சும்மா புல் வளர்த்து உட்கார முடியாது! கத்தரியும் மிளகாயும் போட இதைவிட நல்ல சாக்கு உண்டா!

பழைய காசு கையில் கிடைத்தால் எறியாதீர்கள்! 2002-ல் புழக்கத்தை விட்டுப்போன ஜெர்மன் மார்க்கை மத்திய வங்கி இன்றும் மாற்றித் தருகிறது. கெடுவே கிடையாது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். இன்னும் திரும்பி வராமல் இருப்பது 1,200 கோடி மார்க்குக்கு மேல்!

2023-ல்கூடப் பணம் கொடுத்த தடவைகளில் 51 சதவீதம் ரொக்கம். யுபிஐ பழக்கத்தில் பர்ஸ் இல்லாமல் பேக்கரிக்குப் போய் நிற்காதீர்கள்!

ஸ்டாம்ப் இல்லையா? போன் ஆப்பில் காசு கட்டினால் ஒரு குறியீடு வரும். அதைப் பேனாவால் உறை மேல் எழுதிப் பெட்டியில் போடுங்கள். போய்ச் சேரும்!

ஒரு மரத்துக்குத் தபால் முகவரி! ஒய்டின் ஊர்க் காட்டில் ஒரு ஓக் மரம். 1927 முதல் தபால்காரர் வந்து அதன் பொந்தில் கடிதம் போடுகிறார். துணை தேடுகிறவர்கள் எழுதும் கடிதங்கள்! ஏணி சாத்தியிருக்கும், யார் வேண்டுமானாலும் ஏறி எடுத்துப் படிக்கலாம், பதில் எழுதலாம். இதன் மூலம் கல்யாணங்களும் நடந்திருக்கின்றன!

டிசம்பரில் பெர்லினில் மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம்! முதல் குளிர்காலத்துக்கு ஒரு நல்ல கோட்டும் நிறையப் பொறுமையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் பழக்கத்தை நாடு முழுவதும் முதன்முதலில் கொண்டுவந்த நாடுகளில் ஒன்று ஜெர்மனி. 1916 ஏப்ரல் 30! வீட்டுக்குப் போன் பேச நினைப்பவர்கள் கவனத்துக்கு: குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் அங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை!

அங்கேயும் நம் ஆட்கள்!

17 மீட்டர் கோபுரம், ஜெர்மன் தொழிற்பேட்டை நடுவே! ஹாம் நகரத்து ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு. போரால் இடம்பெயர்ந்து வந்த ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில். தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். தீர்த்தம் ஆடுவது எங்கே தெரியுமா? சரக்குக் கப்பல்கள் போகும் கால்வாயில்! காமாட்சிக்கு அதுவே காவிரி!

ஆனால் இந்தக் குடியேற்றத்தில் முந்திக்கொண்டு நம் ஊருக்கு வந்தவர் ஒரு ஜெர்மானியர்! சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். பத்தே ஆண்டில், 1716-ல், அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகிவிட்டது! வேற்று நாட்டில் குடியேறுவது எப்படி என்று அவரிடம் கேட்க வேண்டும்!

இன்று ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் யாருக்கு? இந்தியாவுக்கு! 2023-24 குளிர்காலப் பருவத்தில் 49,483 பேர்! பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணமே கிடையாது. ஆனால் விசாவுக்கு முன் ஒரு கணக்கில் 11,904 யூரோ போட்டுப் பூட்ட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும்!

புது ஊருக்கு வந்தவர்களுக்கு அரசாங்கமே வகுப்பு நடத்துகிறது. மொழிக்கு 600 பாட வேளை. நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு 100!

ஐந்து ஆண்டு இருந்துவிட்டால் குடியுரிமை கேட்கலாம். 2024 ஜூன் 27 முதல் பழைய பாஸ்போர்ட்டை விட வேண்டும் என்று ஜெர்மனி வற்புறுத்துவதில்லை. ஆனால் இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை. அதனால் நம்மவர்கள் நீலப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு வெளிநாட்டு இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை எடுக்கிறார்கள்!

குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வி, ஒரு மணி நேரம். 17 சரியாக இருந்தால் பாஸ்! எந்த 310 கேள்விகளிலிருந்து அந்த 33 வரும் என்று முன்கூட்டியே வெளியிட்டுவிட்டார்கள். தேர்வுக் கட்டணம் வெறும் 25 யூரோ. அதாவது, சரியாக 100 காலி பாட்டில்!